முப்பத்தெட்டுப் பேர் பணிந்தார்கள்

புரூக்ளின், ஜூலை 1973

அன்புள்ள அம்மாவுக்கு,

நம்மூர் டுலூத் நகரப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், திருமதி ஹெல்கா சோர்பியின் மகன் ரோலண்ட் இன்று தன் கால்சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டான். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

பல்கலைக்கழக உளவியல் துறையில், ஓர் ஆய்வுக்காகக் கோடை வேலை கிடைத்துவிட்டது. காவலாளிச் சீருடையில் தெருவில் நின்று, போகிறவர்களிடம் கீழே கிடக்கும் காகிதப் பையைக் காட்டி, "எடுங்க அதை!" என்று அதட்ட வேண்டும். சீருடைக்கு எத்தனை பேர் பணிகிறார்கள் என்று எதிர்க்கடையிலிருந்து ஆய்வை நடத்தும் டாக்டர் கெஸ்லர் குறித்துக்கொள்வார். நடிப்பு கலைந்தால் வேலை போய்விடும். நம் வீட்டில் நாய்கூட என் பேச்சைக் கேட்காது. இங்கே வரிசையாக முப்பத்தெட்டுப் பேர் கேட்டார்கள்! ஒரு வக்கீல் மன்னிப்பே கேட்டார்.

அப்பாவின் பழைய பெல்ட்டை அனுப்பு, கால்சட்டை நழுவுகிறது. உன் ரை தானிய ரொட்டியும் இரண்டு வை. தனியாகச் சாப்பிட்டால் எதுவும் ருசிக்கவில்லை.

கடைசியாக ஓர் உண்மை. முப்பத்தொன்பதாவதாக வந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து, "ஏன், உனக்குக் கையில்லையா? நீயே எடு. முதல்ல சட்டையை உள்ள விடு!" என்றார்.

இரண்டையும் செய்துவிட்டேன்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "வேலை போகலப்பா. ஆனா பணிஞ்சவங்க பட்டியல்ல உன் பேரையும் ஏத்திட்டேன்."

நான் என்ன செய்வேன்? அந்தக் குரல் அப்படியே உன் குரல்.

ரோலண்ட்