கண்ணாயி ஊற்றிய கூழ்

கொல்லிமலை,
12.8.1999

ஆட்டுக்காரி என்று என்னைக் கேலி செய்யும் உங்களுக்கு,

என் ஆறு மாத ஆராய்ச்சி போயிற்று. இருபது சினையாடுகளைக் கண்ணாயி அக்காவிடம் விட்டு, பத்துக்கு மட்டும் கூடுதல் தீனி வைக்கச் சொல்லியிருந்தேன். நேற்றுக் குட்டிகளை நிறுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே எடை. அத்தனையும் கொழுகொழுவென்று இருக்கின்றன.

விசாரித்தேன். எனக்குத் தெரியாமல் எல்லா ஆட்டுக்கும் கேழ்வரகுக் கூழ் ஊற்றியிருக்கிறார்.

"ஏனுங்க டாக்டரம்மா, வயித்துல குட்டியோட ஒண்ணு பார்த்துட்டு நிக்கையில, இன்னொண்ணுக்கு மட்டும் எப்படிங்க வெக்கறது?"

திட்டத்தான் வாயெடுத்தேன். ஒரு குட்டி வந்து என் நோட்டைக் கடித்தது, சிரித்துவிட்டேன். இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அடுத்த ஈற்றுக்கு நான் மலையேற முடியாது. காரணத்தை நேரில் சொல்கிறேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா ஒரு மாதமாக எனக்கும் தினமும் ஒரு சொம்புக் கூழ் தருகிறார். உபசாரம் என்றே நினைத்துக் குடித்துவந்தேன். இன்று குறிப்பெழுத, மொத்தம் எத்தனைக்கு ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

"இருபத்தொண்ணுங்க."

"ஆடு இருபதுதானே அக்கா?"

"ஆமாங்க," என்று என் சொம்பை நிரப்பினார்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் ஆட்டுக்காரி