பூந்தி இருக்கும் வீட்டில் மூச்சு

ஜூலை 8, செவ்வாய்

வெயில். லேசான புகைமூட்டம். மூச்சின் வேகம் அளக்கும் குழாயில் ஊதினேன்: காலை 390, மாலை 350. தினமும் இரண்டு வேளை ஊதி நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார் கிளினிக் டாக்டரம்மா. எண் மட்டும் போதும் என்றார். எண்ணை எழுதிவிட்டு நோட்டை மூட முடியவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று: "பூனைய அனுப்பிடுங்க. ஆஸ்துமாவுக்கு அதான் காரணம். முடியலன்னா படுக்குற ரூமுக்குள்ளயாவது விடாதீங்க." தலையாட்டிவிட்டு வந்தேன்.

பூனை என்னுடையது அல்ல. தங்கை சுமதியுடையது. ஏழாம் மாதத்தில் அவள் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. அதற்குப் பிறகு கிள்ளானில், கணவன் வீட்டில், அவளால் இருக்க முடியவில்லை. மே மாதம் பிரிக்பீல்ட்ஸுக்கு என் பிளாட்டுக்கு வந்தாள். ஒரு பை, ஒரு கூடை. கூடைக்குள் பூந்தி, மஞ்சள் நிறம்.

என்னிடம் பேசுவது: ம், வேணாம், சரி. பேச்செல்லாம் பூந்தியிடம்தான். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், மணிக்கணக்காக. காதில் விழக்கூடாதென்று டிவியைச் சத்தமாக வைக்கிறேன்.

வாங்க வேண்டியவை: பூனை மணல், வெங்காயம், பல்பு.

ஜூலை 9, புதன்

கா. 370. மா. 350. கடையில் மூன்று மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டினேன். முதலாளி: "என்ன மணியம், நெஞ்சுல பூனை கத்துது?" சிரித்தேன்.

வீட்டில் சு. கேட்டாள், "ஏன் இப்படி இருமுற?" இரண்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"புகைமூட்டம்லா."

நம்பிவிட்டாள். எனக்குச் சங்கடமும் இல்லை, நிம்மதியும் இல்லை. தோசை ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டேன்.

ஜூலை 12, சனி

மழை. கா. 330. மாலை ஊதவில்லை.

பூந்தி என் மடியில் ஏறி உட்கார்ந்தது. தள்ளிவிட்டிருக்கலாம். சு. பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு உன்ன புடிச்சிருக்குண்ணே" என்றாள். முழு வாக்கியம். முகத்தில் ஏதோ அசைந்த மாதிரி. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

தள்ளவில்லை. இருபது நிமிடம். கண் அரிப்பு, தொண்டை அரிப்பு. பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் இன்ஹேலரை நான்கு தடவை அடித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

கா. 280. நோட்டில் 250-இல் சிவப்புக் கோடு, டாக்டரம்மா போட்டது. அதற்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. இன்னும் முப்பது இருக்கிறது.

என் அறையைச் சாத்தி வைக்கிறேன். பூந்தி வெளியிலிருந்து பிறாண்டுகிறது.

"ஏண்ணே கதவச் சாத்துற?"

"ஏர்கோன் போட்டிருக்கேன்."

அந்தக் குளிர்சாதனம் கெட்டு ஒரு வருடம். பல்பு வாங்க இன்றும் மறதி.

ஜூலை 18, வெள்ளி

வார்டில் எழுதுகிறேன். நேற்று எண் இல்லை.

நேற்று மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். லிப்ட் ரிப்பேர். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. இன்ஹேலரை அழுத்தினால் வெறும் காற்று. பயம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. படியில் யாரோ சிந்திய காப்பிக் கறையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். குப்பை போட இறங்கிய சு. என்னைப் பார்த்துக் கத்தினாள். கீழ்வீட்டு மலாய்க்கார அங்கிள் தன் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அவசரப் பிரிவு. முகத்தில் மாஸ்க், அதற்குள் மருந்துப் புகை. மிஸ்ஸி, தமிழ் நர்ஸம்மா, சு.விடம் கேட்டார்.

"வீட்டுல பூனை இருக்கா?"

"இருக்கு. ரெண்டு மாசமா."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலியா இவருக்கு?"

சு. என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"தெரியுமா உனக்கு? தெரிஞ்சுக்கிட்டேதான் புகைமூட்டம்னு சொன்னியா?" குரல் ஏறியது. "செத்திருப்பண்ணே. எம் மவன் போன மாதிரி நீயும் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அழுதாள். மிஸ்ஸி திரையை இழுத்துவிட்டுப் போனார்.

பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், தானாகவே சொல்லத் தொடங்கினாள். அன்றைக்கு நடந்தது முழுவதும். துடிப்பைத் தேடித் தேடி நகர்ந்த கருவி. பேச்சை நிறுத்திக்கொண்ட மிஸ்ஸி. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது இருந்த கனம். கணவன் வெளியே போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டே இருந்தது.

மாஸ்க்கோடு என்னால் குறுக்கே ஒன்றும் பேச முடியாது. அதனால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். மருந்து தீரும்வரை சொன்னாள். நான் அழவில்லை. அவள் கையைப் பிடித்தேனா என்று நினைவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்தேன். கா. 340.

இன்று செமினிக்குப் போனோம். சு.வின் பள்ளித்தோழி லெட்சுமிக்கு அங்கே தரைவீடு, பின்னால் புல். பூந்தியை அவளிடம் விடுவதாகப் பேச்சு. காரின் நான்கு கண்ணாடியையும் இறக்கி, மாஸ்க் போட்டு ஓட்டினேன். வழி முழுக்கப் பூந்தி கத்தியது.

போய்ச் சேர்ந்து காரின் பின்பெட்டியைத் திறந்தால், உள்ளே சு.வின் பை.

"பை எதுக்கு?"

"நானும் இங்கயே இருக்கேண்ணே. லெட்சுமி கேக் செஞ்சு விக்கிறா, கூட ஆள் வேணுமாம்."

"பூனைக்காகவா?"

"அது இல்லாம என்னால முடியாது. நீ மூச்சு விடணும். வேற என்ன பண்ணச் சொல்ற?"

"சரி" என்றேன்.

"பசியாறிட்டுப் போ."

இட்லி மூன்று. பூந்தி அதற்குள் புல்லில். திரும்பும்போது கண்ணாடிகளை ஏற்ற மறந்து காஜாங் வரை வந்துவிட்டேன்.

ஜூலை 23, புதன்

வெயில். கா. 400. சோபா உறை, திரைச்சீலை, போர்வை எல்லாம் வெந்நீரில் துவைத்தாயிற்று. பூனை போனாலும் அதன் தூசு மாதக்கணக்கில் வீட்டில் இருக்குமாம், மிஸ்ஸி சொன்னது. சு. அறை மட்டும் பாக்கி. கதவைத் திறந்தேன், மூடினேன்.

பத்து மணிக்கு அவளே போன் செய்தாள்.

"இன்னிக்கு எவ்ளோ?"

"நானூறு."

"பொய் சொல்லலியே?"

"இல்லலா."

அவளுக்குப் பின்னால் மாவு அடிக்கும் மிஷின் சத்தம். பிறகு அது நின்றது.

"அண்ணே, அவனுக்குப் பேரு வெச்சிருந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. பூந்திகிட்டகூட."

"சொல்லு."

"முகிலன்."

நல்ல பெயர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. சொல் வரவில்லை.

"அண்ணே? இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன்.