வெள்ளம் நீங்கலாக

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அங்கே நீயும் நலமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். சாப்பாட்டு விஷயத்தில் உன்னை நம்பக் கூடாது என்கிறாள் உன் அம்மா.

வெள்ளம் வடிந்து இன்று ஒன்பதாம் நாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அம்மா அன்றைக்கே போனில் சொல்லிவிட்டாள். 'அப்பா பேசுவாரா?' என்று நீ கேட்டாயாம். நான் பக்கத்தில்தான் நின்றேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டேன். நான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. கடிதம் என்றால் அடித்துத் திருத்தி எழுதலாம். போனில் சொன்னதைத் திருத்த முடியவில்லையே.

நம் சலவைக்கடைக்கான இன்சூரன்ஸ் பாலிசி இந்த முறை உன் கம்பெனியிலிருந்து 'வெள்ளம் நீங்கலாக' என்று வரப்போகிறது என்பதை நீ முன்கூட்டியே சொன்னாய். 'அம்பது வருஷத்துக்கு ஒருதடவை பெஞ்ச மழை இப்ப ஆறேழு வருஷத்துக்கு ஒருதடவை பெய்யுதுப்பா. கம்பெனி போட்ட வெள்ள அபாய வரைபடத்துல நானும் வேலை பார்த்தேன். நம்ம தெருவை மட்டும் விட்டுட முடியல' என்றாய். ஒரு வீடு எரிந்தால் மற்ற வீட்டார் கட்டிய பிரீமியம் அதைத் தூக்கி நிறுத்தும், தெருவே ஒன்றாக மூழ்கினால் யாரை வைத்து யாரைத் தூக்குவது என்று பொறுமையாகத்தான் விளக்கினாய். பதினெட்டு வருடம் தவறாமல் கட்டியவனை இரண்டே வார்த்தையில் கழற்றிவிட்டார்கள் என்ற கொதிப்பு எனக்கு. 'பெத்தவங்க வீட்டையே சிவப்பு மையில அடிச்சவளோட எனக்கென்ன பேச்சு' என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு நீ அனுப்பிய உறையையும் பிரிக்கவில்லை. அம்மாதான் பிரித்து, தாளைக் கடைக் கதவின் உட்புறம் ஒட்டினாள். பாலத்துத் தூணில் இருக்கும் அளவுகோலில் தண்ணீர் பன்னிரண்டு அடியைத் தொட்டால், நம் தெருவுக்கு வர மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் எதை முதலில் மாடிக்கு ஏற்றுவது, எதை அடுத்து ஏற்றுவது என்று வரிசையாக எழுதியிருந்தாய். முதல் வரி, 'அப்பாவோட மாத்திரை'. தினமும் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று காலை பத்து மணிக்கு அம்மா பாலத்துக் காவலாளிக்குப் போன் போட்டுக் கேட்டாள். பன்னிரண்டு என்றாராம். மாத்திரை டப்பாவை மேலே வைத்துவிட்டு வந்து, வாடிக்கையாளர் துணி மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். 'இந்தத் தூறலுக்கெல்லாம் பயந்தா கடை நடத்த முடியுமா?' என்றேன். முட்டி வலியோடு இரண்டாவது மூட்டை போயிற்று, மூன்றாவதும் போயிற்று. நான்காவதோடு பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். 'உங்க பொண்ணை நீங்க நம்ப வேணாம். எனக்காக ஒரு மூட்டை தூக்குங்க' என்றாள். அதற்குப் பிறகும் நான் உட்கார்ந்திருந்தால் மனுஷனா?

இருநூற்றுப் பதினான்கு உருப்படி. மருத்துவமனை நர்ஸம்மா அடுத்த வாரக் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த உடையும் அதில் அடக்கம். ஒன்றுகூட நனையவில்லை.

உன் தாளில் ஐந்தாவது வரி, 'பின் அறை மாமா. காது கேட்காது. உள்ளே போய்த் தொடணும்.' அங்கே குடியிருக்கும் நம் ரேடியோ ரிப்பேர்க்காரர் உள்ளே ஏதோ ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார், வெளியே உலகம் மாறுவது தெரியாமல். கதவைத் தட்டியிருந்தால் தட்டிக்கொண்டே இருந்திருப்பேன். உள்ளே போய்த் தோளைத் தொட்டேன். துணிமணி, பணம் எதையும் எடுக்காமல், பாதி பிரித்த ரேடியோவை மட்டும் அணைத்துக்கொண்டு மேலே வந்தார்.

மணி ஒன்று பத்துக்குத் தண்ணீர் வாசலுக்கு வந்தது. நீ சொன்னதற்குப் பத்து நிமிடம் தாமதம். 'பார்த்தியா, உன் பொண்ணு கணக்கு தப்பு' என்றேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். கடைக்குள் என் நெஞ்சு உயரம் ஏறியது. பின் அறையின் தரையும் கூரையும் இன்னும் தாழ்வு அல்லவா, அங்கே கட்டில் மிதந்து கூரையில் முட்டியிருக்கிறது. வடிந்த பிறகு கூரையில் இருந்த அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார். நானும் நின்றேன்.

மூன்றாம் நாள் ஏஜெண்ட் வந்தார். நீ குடைக்காரர் என்று பெயர் வைத்தாயே, அவர்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, 'உங்க முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருக்கு' என்று வாசலிலேயே நின்றார். தண்ணீரில் மூழ்கிய சலவை மெஷின்களுக்கு இழப்பீடு ஒன்றும் வராது. எனக்குத் தெரிந்ததுதான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அப்போதுதான் அவர் சொன்னார். ஒரு தெருவே சேர்ந்து, பொருட்களை உயரத்தில் வைக்க ஏற்பாடு செய்துகொண்டால், பாலத்து அளவுகோலில் தண்ணீர் குறியைத் தாண்டிய உடனே, சேதம் பார்க்க ஆள் வராமலே, ஒரு சிறு தொகை கைக்கு வரும்படி ஒரு பாலிசி கொடுக்கலாமாம். 'உங்க பொண்ணுதான் விடாம எழுதி அனுப்பறாங்க. மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. நாலாவது இப்பத்தான் மேலிடத்துக்குப் போயிருக்கு.'

நீ சொல்லவே இல்லையே என்று முதலில் நினைத்தேன். நான் எங்கே உன்னைச் சொல்ல விட்டேன்?

அன்று மாலையே தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். தையல்காரர், 'உங்க பொண்ணு கணக்கை நம்பலாமா?' என்று கேட்டார். 'பத்து நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும், மத்தபடி நம்பலாம்' என்றேன். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். மேலிடத்தில் காட்டு. அவர்கள் மறுத்தாலும் நீ மனம் தளராதே. பலகை அடித்துப் பொருட்களை உயர்த்தும் வேலையை நாங்கள் எப்படியும் தொடங்கிவிட்டோம்.

மெஷின்களை ரேடியோக்காரர் பிரித்துக் காயவைத்திருக்கிறார். ஓடும் என்கிறார். பாடினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அவர் இப்போது உன் அறையில்தான் இருக்கிறார். நீ வந்தால் கூடத்துக்கு மாறிக்கொள்வாராம். நீ எப்போது வருவாய் என்று தினமும் கேட்கிறார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அவர்தான் கேட்கிறார்.

அவருக்காவது ஒரு தேதி சொல், மகளே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்,
அப்பா