உபவாச அட்டை

என் செல்ல பிளஸ்ஸிக்கு,

வார்டில் ஃபோன் தரமாட்டார்களாம், அதனால் எழுதுகிறேன். முடிச்சூரில் வெயில் ஏறிவிட்டது. அன்று உடைத்துத் திறந்த பாத்ரூம் கதவுக்கு அப்பா புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். உன் கண்ணாடி இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருக்கிறது.

கண்ணாடியில் குண்டாகத் தெரிகிறேன் என்று சாப்பாட்டை விட்ட நீ, போன வருஷம் சிகிச்சை முடிந்து வந்தபோது, டாக்டர் கொடுத்த தாளை ஃப்ரிட்ஜில் மாட்டினேன். ‘என்ன காரணமானாலும் ஒரு வேளையும் விடக் கூடாது’ என்பதுதான் அதன் முதல் வரி. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் வந்ததும், உபவாசம் இருந்த நாளை எல்லாம் குறித்துவைக்கச் சபையில் கொடுத்த அட்டையை அதன் மேலேயே அதே காந்தத்தில் மாட்டியதும் நான்தான்.

“சுகம் கெடச்சதுக்கு நன்றியா நாப்பது நாளும் இருக்கேம்மா” என்று நீ சொன்னாய். நான் சபையில் எழுந்து, கர்த்தர் உன்னைச் சுகமாக்கினார் என்று எல்லோர் முன்னும் சாட்சி சொன்னேன். பக்கத்தில் இருந்த பியூலா அக்கா, “எளச்சிட்டா, ஆனா முகத்துல என்ன ஒரு களை!” என்றபோது நீ சிரித்தாய். எவ்வளவு நாள் கழித்துச் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் நீ விழுந்ததைப் பற்றி எழுத வரவில்லை.

நேற்று பியூலா அக்கா வீட்டுக்கு வந்து, “பொண்ணுக்காக மூணு நாள் உபவாசம் இருப்போம் சிஸ்டர்” என்றார். நான் அவர் எதிரிலேயே சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினேன். தட்டு காலியாகும்வரை எழவில்லை.

உனக்குத் தினமும் இப்படித்தான் இருந்ததா, கண்ணு?

உன் அம்மா