மேசைக்கு வந்த புற்று மண்

அனுப்புநர்:
த. வேல்சாமி,
லோடு ஆட்டோ ஓட்டுநர்,
பனவடலிசத்திரம் சாலை,
சங்கரன்கோவில்.

பெறுநர்:
மாசு கண்காணிப்பு அலுவலர் (பொறுப்பு),
வட்டார அலுவலகம்,
சங்கரன்கோவில்.

பொருள்: மின் ஆட்டோக்களின் பழைய பேட்டரிகளை உடைக்கும் கொட்டகையை மூடக் கோருதல் – மூன்றாம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு பேருந்து நிலையத்தில் என் டீசல் வண்டியை மறித்து, ஊரைப் புகையால் கெடுப்பவன் என்று பலர் முன்னிலையில் என்னைக் கடிந்துகொண்டீர்கள். வண்டி புகைந்தது உண்மை. மின்வண்டிக்கு நான் எதிரியும் அல்ல. ஓடும்வரை அது நல்லதுதான். அதன் பேட்டரி செத்தபின் என் வயலை ஒட்டிய திரு. ஸ்ரீராம்குமாரின் கொட்டகைக்கு வந்து சேருகிறது என்பதே என் குறை.

2. அங்கே பேட்டரிகளைச் சம்மட்டியால் உடைத்து ஈயத் தகடுகளைப் பிரிக்கிறார்கள். டீசல் வண்டிகளின் பேட்டரியும் வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் லாரியில் வந்து குவிவது மின் ஆட்டோக்களுடையதே. கழுவிவிட்ட அமில நீர் என் வேலியோரப் புற்றைச் சுற்றித் தேங்குகிறது.

3. என் மகள் லட்சுமிப்ரியாவுக்கு உடம்பில் சிரங்கு கண்டது. நம் ஊர் வழக்கப்படி என் மனைவி புற்று மண்ணைக் குழைத்துப் பூசி, தினமும் ஒரு சிட்டிகை வாயிலும் போட்டாள். பிரசாதமாகப் புற்று மண் தரும் கோயிலுக்குப் போய்வர நேரமில்லாமல் வேலியோரப் புற்றிலிருந்தே எடுத்தாள். ரத்தப் பரிசோதனை செய்த திருநெல்வேலி மருத்துவர், உடம்பில் ஈயம் ஏறிவிட்டது, எலும்பில் தங்கினால் லேசில் போகாது என்றார். இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளை இப்போது எழுத்துகளை மறந்து வருகிறாள். என் மனைவி அன்றுமுதல் தன் கையால் அவளுக்குச் சோறு ஊட்டுவதில்லை.

4. என் முதல் மனுவின்பேரில் தாங்கள் நேரில் வந்து, கொட்டகை நிழலில் இளநீர் அருந்தி, ‘புகை ஏதும் காணப்படவில்லை’ என்று அறிக்கை எழுதினீர்கள். மகளைக் காட்டியபோது, “ஒரு சிட்டிகை மண்ணுல என்னவே ஆயிரும்? பெத்தவளுக்குப் புத்தி வேண்டாமா?” என்று கேட்டீர்கள். பெற்றவள் அங்கேயேதான் நின்றிருந்தாள்.

5. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், அந்தப் புற்று மண்ணை ஆய்வுக்காகப் பொட்டலம் கட்டி, இரண்டாம் மனுவுடன் தங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். மனுவைப் பிரிக்காமல் பொட்டலத்தை மட்டும் பிரித்த உதவியாளர் ஆறுமுகச்சாமி, கோயில் மண் என்று நினைத்து மேசை மேசையாகக் கொடுத்துவிட்டாராம். தாங்கள் நெற்றியில் இட்டு, வாயிலும் சிறிது போட்டுக்கொண்டு, மீதியைச் சிரங்கால் அவதிப்படும் தங்கள் பேத்திக்கென்று வீட்டுக்கு எடுத்துச் சென்றதாக இன்று காலை அவரே என்னிடம் சொன்னார்.

6. இதை முதல் பத்தியிலேயே எழுதியிருக்க வேண்டும். மனுக்களைத் தாங்கள் பாதிக்குமேல் படிப்பதில்லை என்றும் அவர் சொன்னார். தெரிந்தேதான் கடைசியில் எழுதினேன்.

ஆகவே, கொட்டகையை மூடி, மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்முறை மண் இணைக்கவில்லை. தங்கள் இல்லத்திலேயே இருக்கிறது. பேத்தியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு சிட்டிகை மண்ணில் என்ன ஆகிவிடப் போகிறது.

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 11.08.2025

லட்சுமிப்ரியாவின் தகப்பன்,
(ஒப்பம்) த. வேல்சாமி