சர்டிபிகேட் வாங்க மாட்டேன்

ஷார்ஜா
18.9.2003

அன்பு மனைவி கார்குழலிக்கு,

நான் இங்க சௌக்கியம். நீயும் அம்மாவும் சௌக்கியமா இருக்கணும்னு மயிலத்து முருகனை வேண்டிக்கிறேன். வெயில் கொஞ்சம் தணிஞ்சிருக்கு.

ஒரு விஷயம். போன்ல கேட்டா பக்கத்து வீட்டு கமலாக்கா காதைத் தீட்டிட்டு நிப்பாங்க, அதான் எழுதறேன். நீ பாத்ரூம் போயிட்டு வந்தா கெட்ட வாடை அடிக்குதாம். எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் போகலையாம். துணிக்கடை வேலைக்குப் போனதுலேர்ந்துதான் இப்படின்னு அம்மா சொல்றாங்க. புருஷன் ஊர்ல இல்லாதவளுக்கு இது எப்படி வரும்னு கேக்கறாங்க. எனக்குச் சோறு இறங்கல. எதையும் மறைக்காம எழுது.

உன்
சிலம்பரசன்


நெல்லித்தோப்பு
1.10.2003

மாமாவுக்கு,

கார்குழலி எழுதறேன். நான் நல்லா இல்ல, அதனால நலம்னு போட மாட்டேன்.

உங்க லெட்டரைப் படிச்ச கையோட எழுதறேன். கோபத்துலதான், பயத்துல இல்ல.

வாடை அடிச்சது நெசம். ஒண்ணுக்குப் போனா எரிச்சல், அடிவயித்துல குத்தல், அப்புறம் காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். யூரின் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, மூத்திரத்துல கிருமின்னாங்க டாக்டரம்மா. தண்ணி குடிக்கிறியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். ஏன்னாங்க. குடிச்சா ஒண்ணுக்கு வருமே மேடம்னேன்.

கடையில நாங்க இத்தனை பொம்பளைங்க காலைலேர்ந்து நின்னுக்கிட்டே புடவை விரிச்சுக் காட்டறோம். இருக்கற ஒரே கக்கூஸுக்குப் பூட்டு. சாவி மேனேஜர் பலராமன்கிட்ட. கேட்டா, எல்லார் எதிர்லயும் "மறுபடியுமா?"ன்னுவான். அந்த மானக்கேட்டுக்குப் பயந்து, தண்ணியே குடிக்காம அடக்கிக்கிட்டு நின்னோம். அடக்க அடக்க உள்ளயே கிருமி பெருகுதாம், அதான் நாத்தமாம். கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கும் வருமாம். இதையும் உங்க அம்மா காதுல போட்டு வைங்க.

போன கோடையில கட்டட வேலையில வெந்துட்டு, மூத்திரம் டீத்தண்ணி மாதிரி போவுது, நாத்தம் தாங்கலைன்னு நீங்க எழுதினீங்க. எவ கூடப் படுத்தீங்கன்னு நான் கேட்டேனா? பார்லியும் சீரகமும் வாங்கி, அங்க வந்த ஆளுகிட்டக் குடுத்தனுப்பினேன்.

மாத்திரையை விடாம சாப்பிட்டேன், சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறேன். வாடை போயிடுச்சு. நாளைக்கு அந்தச் சாவியைக் கேக்கப் போறேன்.

கார்குழலி


ஷார்ஜா
14.10.2003

அன்புள்ள குழலிக்கு,

கோபப்படாத. நான் உன்னைச் சந்தேகப்படல. அம்மா மனசுதான் ஆறல. அந்த டாக்டர்கிட்டயே ஒரு சர்டிபிகேட் வாங்கி அம்மாகிட்டக் காட்டிடு. கெட்ட வியாதி இல்லைன்னு ஒரு வரி போதும், பிரச்சினை முடிஞ்சுது.

அப்புறம், அந்த வேலையை விட்டுடு. மூத்திரம், கக்கூஸுன்னு கடையில நின்னு சண்டை போட்டியாமே. சாரம் ஏரியாவுல இருக்கற பெரியப்பா வீடு வரைக்கும் தெரிஞ்சிருக்கு. நம்ம குடும்பத்துக்கு இது அசிங்கம் இல்லையா?

பொங்கலுக்கு லீவு குடுத்துட்டாங்க. உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?

உன்
சிலம்பரசன்


நெல்லித்தோப்பு
30.10.2003

மாமாவுக்கு,

தீபாவளி முடிஞ்சுது. அத்தைக்குப் புடவை எடுத்தேன். கட்டிக்கிட்டாங்க, முகம் குடுத்துத்தான் பேசல.

சண்டை போட்டது நெசம். முதல்ல தனியா கேட்டேன், பலராமன் சிரிச்சான். சரின்னு, கூட்டம் நெரியற நேரம் பாத்து நானும் என்கூட நிக்கிற சந்திரகலாவும் மத்த பொண்ணுங்களும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டோம். "வேலை வேணுமா, கக்கூஸ் வேணுமா?"ன்னான். ரெண்டும் வேணும்னேன். புடவை எடுக்க வந்த பொம்பளைங்களே அவனைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. முதலாளி இறங்கி வந்து பூட்டைக் கழட்டிட்டாரு. இப்ப எங்க பக்கம் ஒரு தண்ணிக் குடமும் வச்சிருக்காங்க. இதுல அசிங்கம் எங்க இருக்கு? அடக்கிக்கிட்டுச் சாகறதுக்குப் பேரு மானமா?

வேலையை விட மாட்டேன்.

மறு டெஸ்டுக்குப் போனேன், சுத்தமா இருக்காம். டாக்டரம்மா விஷயம் கேட்டுட்டு, சர்டிபிகேட் எழுதித் தரேன்னு பேனாவை எடுத்தாங்க. வேணாம்னுட்டேன். "ஒரு வரிதானேம்மா"ன்னாங்க. இன்னிக்கு இதுக்கு வாங்கினா, நாளைக்கு இருமினாலும் ஒண்ணு வாங்கிக் காட்டணும் மேடம்னேன்.

அத்தை கேட்டது எனக்கு வலிக்கல. அவங்க வாய் அப்படி, எனக்குப் பழக்கம். அதை வாங்கி நீங்க எனக்கு எழுதினீங்களே, அதுதான் வலிக்குது. காகிதத்தைப் பாத்துத்தான் என்னை நம்புவீங்கன்னா, அந்தக் காகிதத்தோடவே குடித்தனம் பண்ணுங்க.

பொங்கலுக்கு வாங்க. ஏர்போர்ட்டுக்கு நான் வரல, பண்டிகை சமயம் எனக்கு டூட்டி இருக்கும். எதுவும் வாங்கிட்டு வர வேணாம். வந்த அன்னிக்குச் சாயங்காலம் கடை வாசலுக்கு வந்து, பலராமன் பாக்க, சந்திரகலா பாக்க, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கடை சாத்தற வரைக்கும் நிப்பேன். நீங்க வரலைன்னா, முதலியார்பேட்டையில எங்க அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிடுவேன். அப்புறம் யாரு வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்.

இப்ப வரைக்கும் உங்க மனைவி,
கார்குழலி