வலப்பக்கம் ரெண்டு கோடு

மார்ச் 4, திங்கள்

காலையில் ஏழு பல் கேப், ஒரு முழு பல்செட். பிளாஸ்டர் கலக்கும்போது தண்ணீர் கூடிப்போய் இரண்டு முறை கொட்டினேன். இருபத்திரண்டு வருஷமாகப் பல் லேப் வைத்திருக்கிறவனுக்கு இது நடக்கலாமா? கை நடுங்கியது. வயசினால் இல்லை, வயிற்றெரிச்சலினால்.

நேற்று நடந்ததை எழுதிவிட்டால் குறையுமா, பார்க்கலாம்.

என் சகலை பல் டாக்டர். மனைவியின் அக்கா வீட்டுக்காரர். நேரில் "வாங்க டாக்டர்", இந்த நோட்டில் மட்டும் "அவன்". போன மாதம் புது கோல்ஃப் மட்டைகள் வாங்கினான், பழசையெல்லாம் எனக்குத் தள்ளிவிட்டான். "நீயும் வா சகல, சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போடுது." நானும் பல்லை இளித்துக்கொண்டு போனேன்.

நேற்றுதான் முதல் தடவை. அவனோடு இன்னும் ஐந்து டாக்டர்கள், எல்லாருக்கும் கேப் செய்துகொடுப்பது நான்தான். முதல் அடிக்கு டிரைவர் என்று ஒரு மட்டை, இருப்பதிலேயே நீளமானது, தலை ஒரு பெரிய கரண்டி அளவு. ஓங்கி அடித்தேன். பந்து நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் என்ன நினைத்ததோ, வலப்பக்கம் வளைந்து வளைந்து போய், புல் வெட்டும் வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகை மேல் டமார். இரண்டாவதும் கொட்டகை. மூன்றாவதும். இதற்குப் பெயர் ஸ்லைஸாம்.

அவன் வீடியோ எடுத்திருக்கிறான்! குடும்ப குரூப்பில் போட்டு, கீழே ஒரு வரி: "ஊர்ப் பல்லையெல்லாம் நேரா வைக்கிறவர், பந்தை மட்டும் கோணலா விடுறார்." என் மாமியார் பதினொரு சிரிக்கிற மூஞ்சி போட்டிருக்கிறார். எண்ணினேன். அவருக்கு அவன் "டாக்டர் மாப்பிள்ளை", நான் "சின்னவர்".

சாப்பிடும்போது என் பெண் கரண்டியை வைத்து என்னை மாதிரியே ஓங்கிக் காட்டினாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. என் வீட்டிலேயே! மானம் கப்பலேறிப் போச்சு.

ஏப்ரல் 21 பல் டாக்டர்களின் வருஷப் போட்டி. லேப்காரர்களையும் கூப்பிடுவார்கள். அதே மைதானம், முதல் பந்து அடிக்கிற அதே இடம், அதே ஆறு பேர். ஒரே ஒரு பந்து நேராகப் போக வேண்டும். அதை அவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

மார்ச் 5, செவ்வாய்

அவன் கிளினிக்கிலிருந்து மூன்று கேப் வந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் உயர்த்தி அனுப்பினால் போதும், கடிக்கிறபோதெல்லாம் நோயாளி அவனைத் திட்டுவான்.

செய்யவில்லை. அந்த வாய் என்ன பாவம் பண்ணிச்சு.

மார்ச் 10, ஞாயிறு

பயிற்சி மைதானம். எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன்: பந்து வலப்பக்கம் போகிறதா, நான் இடப்பக்கம் பார்த்து நிற்கிறேன். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? பந்து முன்னைவிட மோசமாக வளைந்தது. இன்னும் இடப்பக்கம் திரும்பினேன். இன்னும் வளைந்தது. பக்கத்துத் தடுப்பில் அடித்துக்கொண்டிருந்தவர் மரியாதையாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அங்கே சொல்லிக்கொடுக்கிற பெண் எப்போதும் எதையோ மென்றுகொண்டிருப்பாள். சூயிங்கம் என்று பெயர் வைத்திருக்கிறேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வந்தாள்.

"சார், இடது பக்கம் திரும்பத் திரும்பக் குறுக்கால வெட்டுறீங்க. வெட்டுனா பந்து சுத்திக்கிட்டு வலது பக்கம்தான் ஓடும்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"முதல்ல கோபப்படாம அடிங்க."

யார் கோபப்பட்டது?

மார்ச் 16, சனி

சூயிங்கம் சொன்னது. ஒன்று: பிடியை மாற்ற வேண்டும், குனிந்து பார்த்தால் இடது கையின் மூன்று முட்டிகள் தெரிய வேண்டும். இரண்டு: பந்துக்கு அந்தப்பக்கம் சுருட்டிய துண்டு ஒன்று கிடக்கும், மட்டை அதைத் தொடாமல் உள்பக்கமிருந்து வர வேண்டும். மூன்றாவது ஏதோ சொன்னாள், தோள்பட்டை பற்றி. மறந்துவிட்டேன்.

வீட்டுக் கூடத்தில் பந்தில்லாமல் வீசிப் பழகினேன். இருபதாவது வீச்சில் விளக்கின் கண்ணாடிக் கூண்டு போயிற்று.

மனைவி துடைப்பத்தோடு வந்தாள். "இப்ப சந்தோஷமா? அத்தான் விளையாட்டுக்குப் போட்டாரு. அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க."

"விளையாட்டா? நீ சிரிச்சது எனக்குத் தெரியாதா?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்கு விளக்கு என்ன பண்ணும்?"

கண்ணாடியை நானே பொறுக்கினேன்.

மார்ச் 24, ஞாயிறு

மற்ற மட்டைகளில் பந்து நேராகப் போகிறது! டிரைவரை எடுத்தால் மட்டும் வலப்பக்கம். அதே கை, அதே பிடி, அதே துண்டு. ஏன்? ஏன்?

மார்ச் 30, சனி

கண்டுபிடித்தாயிற்று.

சூயிங்கம் டிரைவரை வாங்கி, கண்ணருகே வைத்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். மட்டையின் தலையும் கம்பியும் சேருகிற இடத்தில் ஒரு வளையம், அதில் பொடிக் கோடுகள். நடுக்கோட்டில் இருந்தால் மட்டையின் முகம் நேர். ஒருபக்கம் திருப்பினால் இடப்பக்கம் மூடும், மறுபக்கம் திருப்பினால் வலப்பக்கம் திறக்கும்; பந்தும் அந்தந்தப் பக்கமே ஓடும். நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிற நான்!

"யார் சார் கொடுத்தது இதை?"

"சகலை."

"வலப்பக்கம் ரெண்டு கோடு திறந்து வச்சிருக்கு. ஏற்கெனவே வலது பக்கம் போற உங்ககிட்ட இதைக் கொடுத்தா, பந்து வேற எங்க போகும்?" சிரித்தாள். இந்த அமைப்பு யாருக்குத் தேவைப்படும் என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் எங்கே கேட்டேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

வேணும்னேதான். வேணும்னே திருப்பி வச்சு, கையில கொடுத்து, கூட்டிட்டுப் போயி, ஃபோனையும் ரெடியா வச்சிருந்திருக்கான். சகலையா இவன்? பொண்டாட்டி கூடப் பிறந்தவ புருஷன்னு நம்பி வாங்கினேனே.

இதற்கென்று ஒரு குட்டிச் சாவி இருக்கிறது. வாங்கிவிட்டேன். திருகைக் கழற்றி, வளையத்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, முடுக்கினால் "டக்" என்று ஒரு சத்தம். அதற்குப்பின் அடித்த நான்காவது பந்து நேராகப் போனது. சூயிங்கம் கைதட்டினாள். எனக்குச் சந்தோஷமே இல்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

கேப் வாங்க அவனே லேப்புக்கு வந்தான். "என்ன சகல, பந்து இன்னும் கொட்டகைக்குத்தான் போகுதா?"

"ஆமா டாக்டர்" என்றேன். இருடா, இரு.

ஏப்ரல் 13, சனி

இருபதில் பதினான்கு நேர். இது போதும். நேர்மையாகவே அவன் மூக்கை உடைத்துவிடலாம்.

ஆனால் போதவில்லை. அவனுடையதும் கொட்டகைக்குப் போக வேண்டும். மற்ற ஐந்து பேரும் சிரிக்க வேண்டும், நான் வீடியோ எடுக்க வேண்டும். இப்படியெல்லாம் எழுதுகிறேனே, எனக்கே என்னைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. எழுதினதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன்.

ஏப்ரல் 20, சனி

கேட்காமலே கையில் கிடைத்தது. அவன் கார் மெக்கானிக்கிடம். பதினொரு மணிக்குக் கிளினிக்கிலிருந்து ஃபோன். "சகல, என் பையை உன் வண்டியில போட்டுக்க. நாளைக்குச் சேர்ந்து போயிடலாம்."

அவன் கிளினிக் மாடிக்குக் கீழே, வண்டி நிறுத்துமிடத்தில், டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். அவன் புது டிரைவர் நடுக்கோட்டில் இருந்தது. சாவி என் சட்டைப் பையில். கழற்று, திருப்பு, முடுக்கு. வலப்பக்கம் ரெண்டு கோடு. எனக்கு அவன் தந்த அதே ரெண்டு கோடு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டக்.

கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

எழுத வரவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

சரி, எழுதுகிறேன்.

அவன்தான் முதலில். நான் இரண்டாவது. ஃபோனைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். அவன் பந்தை வைக்கக் குனிந்தான், குச்சியிலிருந்து பந்து உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன், அவன் கை நடுங்கியது. வாயில் ஊசி போடும்போது ஒருநாளும் நடுங்காத கை.

அடித்தான்.

பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போச்சு. போய்க்கிட்டே இருந்துச்சு. கொட்டகை ஒரு பக்கம், குளம் ஒரு பக்கம், நட்டநடுவில் விழுந்து இன்னும் உருண்டது. நேற்று முழுக்க யாரும் அவ்வளவு தூரம் அடிக்கவில்லை. டாக்டர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து அவனைத் தூக்காத குறை. நான் வாயைப் பிளந்து நின்றேன். திருப்பினேனே! என் கையால திருப்பினேனே!

அந்த இரைச்சலில் என்னை யாரோ "அடிங்க, அடிங்க" என்றார்கள். மூன்று முட்டி, துண்டு, எல்லாம் மறந்துபோய் அடித்தேன். என் பந்தும் நேராகப் போனது. அவனுடையதில் பாதித் தூரம், ஆனால் நேர். ஏழு வாரம் இதற்காகத்தானே நாயாய் அலைந்தேன்? ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்து கை கழுவும் இடத்தில் அவன் வந்தான். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமலே நின்றான்.

"உன்னோடது நேரா போச்சு, சகல."

"நீங்க பார்த்தீங்களா?"

"எல்லாரும் என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் உன்னைத்தான் பார்த்தேன்."

அவனே பேசினான். அவன் பந்து எப்போதும் இடப்பக்கம் வளைந்து குளத்தில் விழுமாம். பழைய மட்டையில் ஏதோ திருப்பிக் கொடுத்து ஒருமாதிரி சமாளித்திருக்கிறார்கள், கடைக்காரன் செய்த வேலை, என்ன செய்தான் என்று இவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்: வலப்பக்கம் ரெண்டு கோடு. புதுசு வாங்கியதிலிருந்து மறுபடி குளம். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை, விடியற்காலையில் தனியாகப் போய் அடித்துவிட்டு வந்திருக்கிறான்.

"உன் வீடியோவை ஏன் போட்டேன் தெரியுமா? அன்னைக்கு அடுத்த ஆள் நான். எல்லாரும் உன்னையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தா, என்னோடதை எவனும் எடுக்க மாட்டான்ல." பிறகு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். "தப்புதான்டா. கேவலமான வேலை."

சட்டைப் பையில் அந்தச் சாவி குத்திக்கொண்டே இருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

குரூப்பில் அவன் எழுதியிருக்கிறான்: "ஞாயித்துக்கிழமை என் சகலை அடிச்ச பந்து கோடு போட்ட மாதிரி நேரா போச்சு. யாரும் வீடியோ எடுக்கல. நான் சாட்சி." மாமியார் ஒரே ஒரு கட்டைவிரல். பெண் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "நேரா எப்படிப்பா?" என்றாள்.

அந்தப் பழைய வீடியோவை மட்டும் அவன் இன்னும் அழிக்கவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏப்ரல் 27, சனி

மதியம் அவன் லேப்புக்கு வந்தான், டிரைவரைத் தோளில் போட்டுக்கொண்டு. "சகல, உனக்குத்தான் பொடி வேலையெல்லாம் கைவரும். தலை ஆடற மாதிரி இருக்கு, கொஞ்சம் முடுக்கிக் கொடு. கடைக்காரன்கிட்ட கொடுக்க மாட்டேன், எதையாவது மாத்தித் தொலைச்சிடுவான்."

மேசை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ஆடத்தான் செய்தது. அவசரத்தில் நான் சரியாக முடுக்கவில்லை போல. நடுக்கோட்டுக்குத் திருப்பிவிட மூன்று நொடி போதும். குளம், சிரிப்பு, வீடியோ, நான் கேட்டது எல்லாம் கிடைக்கும். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, வாய் திறந்த நோயாளி மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெண்டு கோட்டிலேயே வைத்து முடுக்கினேன். டக்.

"சரியா இருக்கா?"

"இருக்கு, சகல" என்றேன். டாக்டர் என்று வரவில்லை. அவனும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

நாளை காலை ஆறு மணிக்கு, சேர்ந்து ஆடப் போக, வண்டி கொண்டுவருகிறான். சாவியை அவனிடம் கொடுக்கவில்லை. மெழுகுக் கத்தி இருக்கிற டிராயரில், என்னிடமே இருக்கட்டும்.